தோலில் உட்கார்ந்தவர்கள்

1941 டிசம்பர் மூன்றாம் வாரம் ஜப்பானியர்கள் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வந்தபோது, அவர்களில் பலர் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார்கள். டிசம்பர் 8 கோத்தா பாருவிலும் தாய்லாந்துக் கரையிலும் இறங்கிய படை அது. 12ஆம் தேதிக்குள் ஜித்ராவை உடைத்து, அலோர் ஸ்டார், குரூண், சுங்கைப்பட்டாணி என்று கெடாவை ஒரே வாரத்தில் கடந்து, மூடா ஆற்றைத் தாண்டிச் செபராங் பிறைக்குள் நுழைந்தது. பினாங்குத் தீவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதற்குள் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள். மற்ற யாருக்கும் தகவல் சொல்லவில்லை. கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியைக் கடைசியில் இறக்கியவர் ஒரு தமிழர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. 19ஆம் தேதி ஜப்பானியர்கள் தீவுக்குள் வந்தார்கள். சரவணமுத்துவைப் பற்றி யாராவது தனியாக நீளமாக எழுதணும். இந்தக் கட்டுரை சைக்கிளைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், சைக்கிள் சீட்டைப் பற்றியது.

அந்தப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான மசானொபு சுஜி போருக்குப் பிறகு ஒரு புத்தகம் எழுதினார். சிங்கப்பூர் சீனர் படுகொலையில் கை நனைத்த ஆள். அதனால் அவர் எழுத்தைக் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சைக்கிள் பற்றி அவர் சொல்லும் விவரங்கள் சுவையானவை. ஒரு டிவிஷனுக்குச் சுமார் 6,000 சைக்கிள். பாலம் உடைந்திருந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி நடப்பார்கள். வெயிலில் கொதிக்கும் தார்ச்சடக்கில் டயர் வெடித்தால் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டுவார்கள். ராத்திரியில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோலக் கேட்டு எதிரில் இருந்தவர்கள் மிரண்டார்களாம். ஜப்பான் சைக்கிள்கள் முப்பதுகளிலேயே மலாயாவில் மலிவாக விற்பனையில் இருந்ததால், உதிரிப் பாகங்களுக்கு ஊர் ஊராகக் கடை இருந்தது. கடை இல்லாத இடத்தில் சனங்களுடைய சைக்கிளையே பிடுங்கிக்கொண்டார்கள். 55 நாளில் சுமார் 1,100 கிலோமீட்டர்.

இதில் என்னை நிறுத்திய வரி வேறு. ஒவ்வொரு கம்பெனிக்கும் குறைந்தது இரண்டு பேர் சைக்கிள் பழுது பார்ப்பதற்கென்றே இருந்தார்கள், அவர்கள் ஒரு நாளைக்கு இருபது சைக்கிள் வரை சரிசெய்தார்கள் என்கிறார் சுஜி. மலாயாப் போர் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தளபதி பெயர்கள் வரிசையாக இருக்கும். யமாஷிதா, பெர்சிவல். அந்த ரெண்டு பேர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நான் புக்கிட் மின்யாக்கில் ஒரு தொழிற்சாலையில் மெயிண்டனன்ஸ் பிரிவில் வேலை செய்கிறவன். எந்திரம் ஓடும்போது எங்களை யாருக்கும் தெரியாது, நின்றால் மட்டும் போன் வரும். அதனால் அந்த ரெண்டு பேர் மீது எனக்கு ஒரு பாசம்.

டயரைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். சீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

*

மலேசியத் தமிழர் வரலாறு என்றால் நாம் கப்பலில் தொடங்குவோம். பிறகு கித்தா மரம், ரயில் சடக்கு, சயாம் மரண ரயில். சைக்கிள் ஓரமாகக்கூட வராது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம்மை இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இங்கே இழுத்து வந்ததில் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு.

1888இல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் செய்தார். அடுத்த பத்து வருடத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ரப்பர் விலை ஏறியது. அதற்குக் கோங்கோ மக்கள் கொடுத்த விலையை லியோபோல்ட் மன்னனின் வரலாறு சொல்லும். மலாயாவில் 1877இல் வந்து இறங்கிய 22 ரப்பர் கன்றுகள் சும்மா வளர்ந்துகொண்டிருந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லி, தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று கெஞ்சி, பைத்தியக்காரர் என்று பேர் வாங்கினார். சைக்கிள் திறந்த சந்தையில் கார் வந்து உட்கார்ந்த பிறகு அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

செபராங் பிறையில் அதற்கு முன்பே நம்மவர்கள் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே பத்து காவான், நிபோங் தெபால் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். கரும்பு விழுந்து கித்தா எழுந்தபோது, ஒப்பந்த முறை 1910இல் நின்று, கங்காணி முறை அந்த இடத்தைப் பிடித்தது. புக்கிட் மெர்தாஜாம் இந்தத் தோட்டங்களுக்கெல்லாம் நடுவில் இருந்த பட்டணம். வடக்கே போகும் ரயிலும் பட்டர்வொர்த் போகும் ரயிலும் பிரியும் சந்திப்பு. சனிக்கிழமை சாமான் வாங்க, ஜூலை மாதம் செயின்ட் ஆன் கோயில் திருநாள் பார்க்க, தோட்டத்துச் சனம் வரும் ஊர்.

தோட்டத்தில் யாரிடம் சைக்கிள் இருந்தது என்பதை வைத்தே அந்த உலகத்தின் ஏணியை வரைந்துவிடலாம். தொரைக்குக் கார். பெரிய கிராணிக்கு ராலே அல்லது ரட்ஜ். டிரஸ்ஸருக்கும் கங்காணிக்கும் ஒரு சைக்கிள். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு நெடுங்காலம் கால்தான். அவர்கள் கைக்கும் சைக்கிள் வந்தபோது அது சவாரிக்கு வந்ததல்ல, பின்னால் பால் தோம்பு கட்டிச் செம்மண் சடக்கில் உருட்ட வந்தது. கிராணி சைக்கிளில் உட்கார்வார், தொழிலாளி சைக்கிளைத் தள்ளுவார். ஆர்மேனியன் வீதியில் எர்னஸ்ட் சக்கரெவிக் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன் வரிசையில் நின்று படம் எடுக்கும்போது (நானும் எடுத்திருக்கிறேன்) அந்தப் பழைய சைக்கிள் நம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இனிக்கிறது. அந்தக் காலத்தில் அப்படி இல்லை.

அந்த ராலே, ரட்ஜ், ஹெர்குலிஸ் எல்லாவற்றிலும் உட்காரும் இடம் தோல். கெட்டியான மாட்டுத் தோல்.

*

தோல் சீட்டின் வரலாற்றில் ஒரு செத்த குதிரை இருக்கிறது. ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1866இல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் வார்ப்பட்டையும் செய்யும் தொழில் தொடங்கினார். 1878இல் அவருடைய குதிரை செத்துப்போனது. இன்னொன்று வாங்கக் காசில்லாமல் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினார். அந்தச் சீட்டு அவரை அவ்வளவு பாடுபடுத்தியதால் தானே ஒன்று செய்வது என்று முடிவெடுத்தார். 1882 அக்டோபரில் காப்புரிமை பதிந்தார். இது கம்பெனி சொல்லும் கதை, கம்பெனிகள் தங்கள் பிறப்பைக் கொஞ்சம் அழகுபடுத்தித்தான் சொல்லும். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது உண்மை. தொண்ணூறுகளில் அவர்கள் கொண்டுவந்த பி17 என்ற மாடல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நூற்று முப்பது வருடமாக அடிப்படை மாறாத எந்திரப் பாகம் என்று என் தொழிலில் வேறொன்றைக் காட்டச் சொன்னால் நான் திணறுவேன்.

அமைப்பு ரொம்ப எளிது. சுமார் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, அச்சில் போட்டு அழுத்தி, காயவைப்பார்கள். பின்பக்கம் ஒரு இரும்புப் பட்டையிலும் முன்மூக்கில் ஒரு சின்னத் தகட்டிலும் ரிவிட் அடிப்பார்கள். நடுவில் கீழே ஒன்றும் கிடையாது, காற்றுதான். மூக்குக்குக் கீழே ஒரு நீளமான போல்ட். அதைத் திருகினால் மூக்கு முன்னால் தள்ளப்பட்டுத் தோல் விறைக்கும். அதாவது இது நாற்காலி இல்லை, தூளி. குழந்தைக்குக் கட்டும் தூளியை எடுத்து மாட்டுத் தோலில் செய்து இரும்பில் மாட்டியிருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு உங்கள் இடுப்பெலும்பு இரண்டும் உட்காரும் இடத்தில் இரண்டு பள்ளம் விழும். அதற்குப் பிறகு அந்தச் சீட்டு உங்களுடையது, வேறு யாருக்கும் பொருந்தாது.

இப்படி ஈரத்தில் வளைந்து காய்ந்தபின் உருவம் பிடித்து நிற்பது எல்லாத் தோலாலும் ஆகாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலால்தான் ஆகும். ஐரோப்பாவில் ஓக் பட்டை. நம் ஊரில் ஆவாரம்பட்டை, முடிவில் நிறம் கெடாமலிருக்கக் கடுக்காய். இரண்டிலும் நடப்பது ஒரே வேதியியல், பட்டையின் துவர்ப்பு தோல் நாரைப் பிடித்துக்கொண்டு அழுகவிடாமல் காக்கிறது. திண்டுக்கல், திருச்சி, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, பல்லாவரம் என்று இந்தத் தொழில் பரவிக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸிலிருந்து லண்டனுக்குப் போன ‘கிழக்கிந்தியத் தோல்’ உலகச் சந்தையில் தனிப் பெயரோடு விற்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அரசாங்கமே அதை வாங்கிக் குவித்தது. நம் மாட்டுத் தோல் மெல்லியது. சைக்கிள் சீட்டுக்குத் தேவையான தடிமன் அதில் கிடைக்காது. அதனால் மதராஸ் தோலில் உட்கார்ந்துகொண்டு கிராணிகள் மலாயாவில் சைக்கிள் ஓட்டினார்கள் என்று நான் அளக்கப் போவதில்லை. அவர்கள் காலில் போட்டிருந்த சப்பாத்து வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற எஞ்சினியர் குரோம் உப்பில் தோல் பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கியது பூட்ஸுக்காக அல்ல. கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் தோல்பை தண்ணீரில் ஊறிச் சீக்கிரம் அழுகியது, அழுகாத தோல் வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. பல்லாவரத்தில் பிறகு வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் இன்றைய குரோம்பேட்டை நிற்கிறது. குரோம் வந்ததும் வாரக்கணக்கில் எடுத்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. பாலாற்றின் கதி என்ன ஆனது என்பது தெரிந்த கதை. ஆனால் குரோம் தோல் தொளதொளவென்று இருக்கும், அச்சில் போட்டாலும் உருவம் பிடிக்காது. உலகத்தில் தோல் தொழில் முழுக்க மாறியபோது சைக்கிள் சீட்டு மட்டும் பழைய பட்டைச்சாற்றுத் தோலிலேயே நின்றுவிட்டதற்கு இதுதான் காரணம்.

*

சைக்கிளில் தூரதேசம் போனவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். பளு தூக்கும் சங்கத்துக்காரர்கள். அதில் ஹக்கிம், பாபாசோலா, பும்காரா ஆகிய மூன்று பேர் 1928 மார்ச்சில் சுற்றி முடித்துத் திரும்பினார்கள், சுமார் 71,000 கிலோமீட்டர். அவர்கள் எழுதிய புத்தகத்துக்கு நேரு முன்னுரை கொடுத்தார். 1931 ஜூலையில் ராம்நாத் பிஸ்வாஸ் என்ற வங்காளி சிங்கப்பூரிலிருந்து கிளம்பி மலாயா, சயாம் வழியாகச் சீனா போனார். கையில் ஒரு சைக்கிள் பழுது பார்க்கும் பெட்டி, போர்த்திக்கொள்ளத் துணி. அவ்வளவுதான் சாமான். வங்காளத்தில் அவர் பெயர் தெரியாத வாசகர் குறைவு. அவர் புறப்பட்ட இந்த மண்ணில் நமக்கு அவரைத் தெரியாது.

இவர்களைப் படித்தால் ஒன்று புரிகிறது. நீண்ட பயணத்தில் சங்கிலி அறுந்தால், டியூப் பஞ்சரானால் அது அரை மணி நேர வேலை. சீட்டு உடைந்தால் கதை வேறு. உடையும் விதம் மூன்று. கீழே இருக்கும் கம்பி முறிவது ஒன்று. கிளாம்ப் கடிக்கும் இடத்தில் லட்சம் குலுக்கலுக்குப் பிறகு இரும்பு களைத்துப்போய் முறியும். விறைப்புப் போல்ட் ஒடிவது இரண்டு. ரிவிட் ஓட்டையிலிருந்து தோல் கிழிவது மூன்று. மூன்றாவதுதான் மோசம். துணி காயப்போடும் கயிறு மாதிரி, தொய்வு எவ்வளவு குறைவோ அவ்வளவு இழுவிசை ஏறும். மேலே உட்காருகிறவர் எழுபது கிலோ என்றால் தோல் தாங்குவது அதைப்போலப் பல மடங்கு. தொய்ந்துபோன சீட்டைத் திருகித் திருகி விறைப்பாக்கினால் ஒரு நாள் அது ரிவிட்டைச் சுற்றிக் கிழிந்து வரும். நம் ஊர் மழையில் நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் இன்னும் சீக்கிரம்.

என்னுடையது குவார் செம்படாக்குக்குப் பக்கத்தில் கிழிந்தது. பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கிய பழைய தோல் சீட்டு, எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கங்கார் வரை மூன்று நாள் பயணம், 1941 சடக்கை எதிர்த்திசையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை. முதல் நாள் சுங்கைப்பட்டாணி தாண்டி நல்ல மழை. குரூணில் ஜெராய் மலை மேகத்துக்குள் போயிருந்தது. குவார் செம்படாக்கில் ஒரு ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முன்மூக்கில் ‘டப்’ என்று சத்தம். மூன்று ரிவிட்டில் இரண்டு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டன. சீட்டு வாய் பிளந்து நின்றது.

இந்த நேரத்தில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். போல்ட்டை முழுக்கத் தளர்த்தி விடணும். சாமான் கட்டும் பட்டையை (நைலான் கயிறானாலும் சரி) தோலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து, கம்பிக்குக் கீழே கொடுத்து, மூன்று நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கணும். இப்போது பாரம் மூக்கில் போகாமல் பக்கவாட்டில் போகும். மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டால் உட்காரலாம். பாதி நேரம் நின்று மிதிக்க வேண்டியிருக்கும். கம்பி முறிந்திருந்தால் கூடாரம் அடிக்கும் முளையை ஒட்டுக் கொடுத்து, கார் ஹோஸ் குழாய்க்குப் போடும் கிளிப் இரண்டால் முறுக்கலாம். போல்ட் ஒடிந்திருந்தால் இடைவெளியில் ஒரு மரத்துண்டைச் செருகினால் போதும். கிழிந்த தோலுக்கு மட்டும் நீங்கள் செய்வதெல்லாம் தற்காலிகம். அதற்குத் தோல் தெரிந்த கை வேண்டும்.

அலோர் ஸ்டாரில் அந்தக் கை கிடைத்தது. பட்டணத்துக் கடைவரிசை அஞ்சடியில் ஒரு பெரியவர். ஒரு மரப்பெட்டி, ஒரு குடை, ஏழெட்டு ஜோடி சப்பாத்து. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நான் வாய் திறக்குமுன் சீட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“நனஞ்சதுல ஏறி உக்காந்துட்டீங்களா தம்பி?”

“மழை ஐயா.”

“மழையில நனஞ்ச தோல நெழல்ல காயவிடணும். அதுவரைக்கும் நடக்கணும்.”

சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நாளைக்கு மத்தியானம் வா என்றார். மறுநாள் போனபோது கிழிந்த ஓரத்தைச் சுத்தமாக நறுக்கி, அடியில் இன்னொரு தோல் துண்டு வைத்து, மெழுகு பூசின நூலால் குத்தூசி போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பழைய ஓட்டைகளை விட்டுவிட்டு, ஒரு விரல் பின்னால் தள்ளிப் புது ஓட்டை போட்டு, ரிவிட்டுக்குப் பதிலாகச் சின்ன நட்டு போல்ட்டும் அகலமான வாஷரும். நான் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்த பாடத்தில் ஒரு அத்தியாயம் இது. ஓட்டை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும், பாரத்தை எப்படி அகலமாகப் பரப்பணும் என்பதெல்லாம். அவரிடம் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன்.

“எங்கப்பா செஞ்சாரு. தோட்டத்துல கிராணி சைக்கிளெல்லாம் அவருதான் பாப்பாரு.”

பிறகு தைத்துக்கொண்டே சொன்னார். சைக்கிள் சீட்டு கிழிந்தால் கிராணி வீட்டிலிருந்து ஆள் வரும். இவருடைய அப்பா போனால் சைக்கிள் வீட்டுக்குள் நிற்கும். சீட்டை மட்டும் கழற்றிப் படிக்கட்டில் வைத்திருப்பார்கள். சைக்கிளை இவர் தொடக்கூடாது. இவர் தொட வேண்டியது தோலை மட்டும்தான். தைத்து முடித்து அதே படியில் வைத்துவிட்டு வரணும்.

“அப்புறம் மஞ்சத்தண்ணி தெளிச்சுத்தான் எடுத்து மாட்டுவாங்க. எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. தண்ணி பட்டா தோலு போயிரும். போயிருச்சுன்னா மறுபடி அவரைத்தான் கூப்புடணும்.”

அவரும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. கூலி பதினைந்து வெள்ளி கேட்டார்.

*

என் தாத்தா புக்கிட் மெர்தாஜாமுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாக இருந்தவர். அவருக்கும் சைக்கிள் இருந்தது. திரும்பி வந்து பாட்டியிடம் கேட்டேன், தாத்தா சைக்கிள் சீட்டு கிழிந்தால் என்ன செய்வார்கள் என்று. பாட்டி சைக்கிளைப் பற்றி நிறையப் பேசினார். ஜப்பான்காரன் காலத்தில் டயர் கிடைக்காமல் ரப்பர் குழாயை வெட்டி ரிம்மில் கட்டி ஓட்டியதைச் சொன்னார். கித்தா தோட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு டயருக்கு அலைந்ததைச் சொல்லிச் சிரித்தார். தோட்டத்து ஆட்களை சயாமுக்கு ஏற்றிக்கொண்டு இதே சந்திப்பு வழியாக ரயில் போனதைச் சொன்னார். சீட்டைப் பற்றி மறுபடி கேட்டதும், “அப்ப எல்லாரும் அப்படித்தான்டா இருந்தாங்க” என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எப்படி என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் கணிசமான பகுதி ஊரில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். பறையர், பள்ளர், சக்கிலியர். கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்பது நாம் மேடையில் விரும்பிச் சொல்லும் கதை. தோட்டத்தில் எல்லாரும் ஒரே பெரட்டுக்குப் போனார்கள், ஒரே மரத்தை வெட்டினார்கள், உண்மை. ஆனால் லயம் எங்கே, கோயிலில் எவ்வளவு தூரம், யார் வீட்டில் தண்ணீர் என்று வரும்போது ஊர் அப்படியே கப்பலேறி வந்திருந்தது. இராஜகிருஷ்ணன் இராமசாமி மலேசியத் தமிழர்களின் சாதி உணர்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1984இல் வந்தது. நாற்பது வருடம் ஆகிவிட்டது. என் வயது வாசகர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கிறோம்?

கிராணியின் தர்க்கம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. தோல் தீட்டு என்றால், நாள் முழுக்க அதன் மேல் உட்கார்ந்து தோட்டத்தைச் சுற்றி வருவது எப்படித் தீட்டில்லாமல் போகிறது? பர்மிங்ஹாமில் ரிவிட் அடித்து, பெட்டியில் போட்டு, கப்பலில் வந்தால் அது தோல் இல்லை, ‘சீட்டு’. கிழிந்த அந்த நிமிடத்தில் அது மறுபடி தோலாகிவிடுகிறது. தைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் மறுபடி சீட்டு. பொருள் முழுசாக இருக்கும்வரை அதைச் செய்தவர்கள் கண்ணில் பட மாட்டார்கள், உடையும்போதுதான் படிக்கட்டு வரைக்கும் வருகிறார்கள். சாதியைப் பற்றிப் படித்த எதையும்விட அந்தக் கழற்றி வைத்த சீட்டு எனக்கு அதிகம் சொல்லியது.

சுஜி தன் புத்தகத்தில் அந்த ரெண்டு பழுது பார்ப்பவர்களையும் ஒரு வரியாவது எழுதினார். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நான் படித்த நம்முடைய கதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் கங்காணி, கிராணி, தொரை, பூசாரி, கூத்து வாத்தியார் எல்லாரும் வருகிறார்கள். சப்பாத்துத் தைத்தவரை ஒன்றிரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன், பெயரோடு ஒரு இடத்திலும் பார்த்ததில்லை. அலோர் ஸ்டார் பெரியவரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அவர் வேண்டாம் என்றார். “பேரு போட்டா எந்தத் தோட்டம்னு கேப்பாங்க, அப்புறம் என்ன ஆளுன்னு கேப்பாங்க. பசங்க வேலைக்குப் போறாங்க தம்பி.”

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மெங்குவாங் அணைக்கட்டுப் பக்கம் போனால் நூறு சைக்கிள் பார்க்கலாம். பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் ஸ்பாஞ்சும் வைத்த சீட்டு. கிழிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். அங்கங்கே ஒன்றிரண்டு தோல் சீட்டு. ஒரு காலத்தில் கிராணியின் சாமானாக இருந்தது இப்போது ரசனைக்காரர்களின் சாமான், நானூறு ஐந்நூறு வெள்ளிக்கு விற்கிறது. புரூக்ஸ் கம்பெனியே 2002இல் ஓர் இத்தாலியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது, ஆனால் சீட்டு இன்னும் பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெதிக்கில்தான் செய்யப்படுகிறது.

தோல் சீட்டோடு தூரப் பயணம் போகிறவர்கள் பையில் ஒரு கனமான ஊசி, மெழுகு நூல், நாலு வாஷர், இரண்டு ஹோஸ் கிளிப், ஒரு முழம் பட்டை வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைக் கால் திருகுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாதீர்கள். மழை வந்தால் சீட்டின் மேல் பிளாஸ்டிக் பை ஒன்று மாட்டிவிடுங்கள். பாசார் மாலாமில் கறிகாய் போட்டுக் கொடுக்கும் சிவப்புப் பையே போதும், நல்லா முடிச்சுப் போடணும், அவ்வளவுதான்.